மனிதனும் வாலில்லாக் குரங்குகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிரியல் பாடம் எடுப்பவன் என்று தெரிந்தாலே போதும், யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து இதைத்தான் கேட்பார். மாணவர்களும் கேட்கிறார்கள், அவர்களைக் கூப்பிட்டுப் போக வரும் அப்பா அம்மாக்களும் கேட்கிறார்கள், சந்தேகங்கள் மட்டும் ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே வைத்திருக்கிறேன். எளிதானதில் தொடங்கி போகப்போகச் சிக்கலாகும், முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை, அதனால் வரிசையாகப் படித்தால் நல்லது.

குரங்கிலிருந்துதான் மனுஷன் வந்தானா? ஆமாவா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்க.

ஒரே வார்த்தை என்றால் "பங்காளி". சிம்பன்சி நமக்குத் தாத்தா இல்லை, பங்காளி. ஒரு தாத்தாவின் இரண்டு மகன்கள் தனித்தனியாகக் குடும்பம் பிரிந்து போகிறார்கள், பல தலைமுறை கழித்து இரண்டு பக்கத்து வாரிசுகளும் முகம் தெரியாத அளவுக்கு மாறிப்போகிறார்கள், ஆனால் நடுவில் அந்தத் தாத்தா இருந்தது மாறாது. அதேபோல சுமார் 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒரு விலங்குக் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளையில் இன்று சிம்பன்சியும் அதைப் போலவே இருக்கும் பொனோபோவும் இருக்கின்றன, இன்னொரு கிளையில் நாம் இருக்கிறோம்.

அந்தப் பொது மூதாதை சிம்பன்சியும் இல்லை, மனிதனும் இல்லை. ஆனால் அதை இன்று யாராவது நேரில் பார்த்தால் தயங்காமல் குரங்கு என்றுதான் சொல்வார்கள். அதனால் "குரங்கிலிருந்து வந்தோம்" என்று சொல்பவரிடம் நான் சண்டைக்குப் போவதில்லை. "இப்போது இருக்கிற குரங்கிலிருந்து வந்தோம்" என்றால்தான் திருத்துவேன்.

குரங்கு மனுஷனாகிவிட்டது என்றால், குரங்குகள் ஏன் இன்னும் இருக்கின்றன?

முந்தின பதிலை அப்படியே நீட்டிப் பாருங்கள். "நான் இருக்கிறேனே, அப்புறம் பெரியப்பா வீட்டுப் பிள்ளைகள் ஏன் இருக்கிறார்கள்?" என்று யாரும் கேட்பதில்லை. பிரிந்த இரண்டு கிளைகளும் தங்கள் தங்கள் போக்கில் மாறிக்கொண்டே வந்தன, ஒன்று இன்னொன்றாக மாறி முடிந்துபோகவில்லை. குனிந்த குரங்கு படிப்படியாக நிமிர்ந்து மனிதனாகும் அந்த வரிசைப் படத்தை எல்லாரும் பார்த்திருப்போம். இந்தக் கேள்வி பிறப்பதே அந்தப் படத்தில்தான். ஏணி என்று நினைப்பதை விட்டுவிட்டு மரம் என்று நினைத்தால் பாதி சந்தேகம் தானாகவே போய்விடும்.

குரங்குக்கும் வாலில்லாக் குரங்குக்கும் வால் மட்டும்தான் வித்தியாசமா?

இல்லை. ஆங்கிலத்தில் மங்கி, ஏப் என்று இரண்டு தனிச் சொற்கள் இருக்கின்றன. நாம் பேச்சில் எல்லாவற்றையும் குரங்கு என்று சொல்லிவிடுகிறோம். மந்தி, கடுவன், முசு என்று தமிழில் சொற்களுக்குக் குறைவில்லை, ஆனால் அவை எல்லாமே வாலுள்ளவற்றைப் பார்த்து வைத்த பெயர்கள். வாலில்லாக் குரங்கு என்பது பிற்பாடு வந்த சொல், அதுவும் வாலை மட்டுமே பிடித்துக்கொள்கிறது. வட ஆப்பிரிக்காவில் பார்பரி மக்காக் என்று ஒன்று உண்டு, பார்வைக்கு வாலே இருக்காது, ஆனால் அது சாதாரணக் குரங்குதான்.

உண்மையான வித்தியாசம் தோளில் இருக்கிறது. கையை நேராகத் தலைக்கு மேலே தூக்குங்கள், அப்புறம் ஒரு முழு வட்டம் சுற்றுங்கள். எவ்வளவு எளிதாகச் சுற்றுகிறது பாருங்கள். பொதுவாக வாலுள்ள குரங்கால் இது முடியாது. அதன் மார்பு நாய்க்கு இருப்பதுபோல ஒடுங்கி ஆழமாக இருக்கும், தோள்பட்டை எலும்பு பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், அதனால் கிளையின் மேல் நான்கு காலில் ஓடும். நமக்கும் சிறிய வாலில்லாக் குரங்கான கிப்பனுக்கும் கொரில்லாவுக்கும் மார்பு அகலமாகத் தட்டையாக இருக்கிறது, தோள்பட்டை முதுகுப் பக்கம் போய்விட்டது. கிளைக்குக் கீழே தொங்கிப் பழகிய உடம்பு இது. பேருந்தில் மேல் கம்பியைப் பிடித்து நிற்கும்போதெல்லாம் நாம் அந்தப் பழைய தோளைத்தான் பயன்படுத்துகிறோம்.

இன்னொரு அடையாளம் வாய்க்குள் இருக்கிறது. கண்ணாடி முன் நின்று கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பாருங்கள். முதல் கடைவாய்ப் பல்லில் பெரும்பாலும் ஐந்து மேடுகள் இருக்கும், நடுவில் ஆங்கில எழுத்து ஒய் போல ஒரு பள்ளம் ஓடும். வாலில்லாக் குரங்குகளின் குடும்ப முத்திரை இது. ஆசியா, ஆப்பிரிக்காவின் வாலுள்ள குரங்குகளுக்கு நான்கு மேடுகள், இரண்டு இரண்டாக வரப்பு கட்டினதுபோல. எலும்பெல்லாம் மக்கிப்போய் ஒரே ஒரு பல் மட்டும் கிடைத்தாலும் எந்தப் பக்கத்து விலங்கு என்று இதை வைத்தே சொல்லிவிடுகிறார்கள்.

மொத்தம் எத்தனை வகை வாலில்லாக் குரங்குகள் இருக்கின்றன?

சிறியவை, பெரியவை என்று இரண்டு பிரிவு. சிறியவை தென்கிழக்கு ஆசியாவிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் வாழும் கிப்பன்கள், சுமார் 20 சிற்றினங்கள். பெரியவற்றில் ஒராங்குட்டான் 3, கொரில்லா 2, சிம்பன்சி, பொனோபோ, அப்புறம் நாம்.

ஒராங்குட்டான் என்ற பெயர் மலாய் மொழியிலிருந்து வந்தது, காட்டு மனிதன் என்று பொருள். அதன் மூன்றாவது சிற்றினமான தபனூலி ஒராங்குட்டானைத் தனி இனம் என்று அடையாளம் கண்டதே 2017-ல்தான், சுமத்ரா தீவில். பெயர் வைக்கும்போதே 800-க்கும் குறைவாகத்தான் மிச்சம் இருந்தன. இத்தனை நெருங்கிய சொந்தம் ஒன்று இருக்கிறது என்று தெரிந்துகொண்ட அன்றே அது அழிவின் விளிம்பில் நிற்பதையும் தெரிந்துகொண்டோம். எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

மனிதனை விலங்குகளோடு சேர்த்தது டார்வின்தானே?

டார்வினுக்கு நூறு வருஷம் முன்பே அது நடந்துவிட்டது. செய்தவர் சுவீடனைச் சேர்ந்த கார்ல் லின்னேயஸ், பரிணாமம் என்ற எண்ணமே இல்லாதவர், எல்லா உயிரும் கடவுள் படைத்தபடியே இருக்கின்றன என்று நம்பியவர். 1758-ல் வந்த தன் வகைப்பாட்டு நூலின் பத்தாம் பதிப்பில் நமக்கு ஹோமோ சேப்பியன்ஸ் என்று பெயர் வைத்து, குரங்குகளோடு சேர்த்து பிரைமேட்டுகள் என்ற ஒரே வரிசையில் வைத்தார். அதற்கு முன்பே, 1747-ல் ஒரு கடிதத்தில், மனிதனையும் வாலில்லாக் குரங்கையும் வேறு பேரினமாகப் பிரிக்கும்படியான ஒரு உடல் அடையாளத்தை யாராவது காட்டட்டும், எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்ற பொருளில் எழுதியிருக்கிறார். உடம்பை உள்ளபடி பார்த்தவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

டார்வின் 1859-ல் வந்த தன் முக்கிய நூலில் மனிதனைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் சொல்லவில்லை. 1871-ல்தான் விரிவாக எழுதினார். அதில், கொரில்லாவும் சிம்பன்சியும் ஆப்பிரிக்காவில் இருப்பதால் நம் முன்னோரும் அங்கேதான் இருந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றார். அப்போது அதைக் காட்ட ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு எலும்புகூடக் கிடைத்திருக்கவில்லை.

நாங்க படிக்கும்போது மனிதனுக்குத் தனிக் குடும்பம் என்று இருந்ததே, இப்போ ஏன் மாற்றிவிட்டார்கள்?

சரியாகத்தான் படித்தீர்கள். ஒராங்குட்டான், கொரில்லா, சிம்பன்சி மூன்றையும் பாங்கிடே என்று ஒரு குடும்பத்தில் போட்டு, மனிதனை மட்டும் ஹோமினிடே என்று தனியாக வைத்திருந்தார்கள். பார்வைக்கு அவை மூன்றும் ஒன்றுபோலவும் நாம் வேறாகவும் தெரிவதால் அது இயல்பாகவே பட்டது. டி.என்.ஏ.வைப் படிக்கத் தொடங்கியதும் கணக்கு மாறியது. சிம்பன்சிக்குக் கொரில்லாவைவிட நாம்தான் நெருக்கம். அதாவது மூன்று பங்காளிகளில் நெருங்கிய இருவரைப் பிரித்து, ஒருவனை மட்டும் வெளியே நிறுத்தி, மற்றவனைத் தூரத்துச் சொந்தத்தோடு சேர்த்துக் குடும்பம் என்று எழுதியதுபோல ஆகிவிட்டது பழைய பிரிவு.

இன்றைய விதி எளிது. ஒரு குழுவுக்குப் பெயர் வைத்தால் ஒரு மூதாதையும் அதன் வாரிசுகள் அத்தனை பேரும் அதில் இருக்க வேண்டும், பிடிக்காதவரைக் கழிக்கக் கூடாது. அதனால் இப்போது பெரிய வாலில்லாக் குரங்குகள் எல்லாமும் நாமும் ஒரே ஹோமினிடே குடும்பம். சிம்பன்சியிடமிருந்து பிரிந்த பிறகு நம் கிளையில் வந்தவர்களை மட்டும் சொல்ல ஹோமினின் என்ற சொல் இருக்கிறது. பழைய புத்தகத்தில் ஹோமினிட் என்று பார்த்தால் பெரும்பாலும் இன்றைய ஹோமினினைத்தான் சொல்கிறார்கள், இந்த ஒரு எழுத்தால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமில்லை.

மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் டி.என்.ஏ. 98 சதவீதம் ஒன்று என்கிறார்களே, வெறும் 2 சதவீதத்திலா இவ்வளவு வித்தியாசம்?

சிம்பன்சியின் மரபணுத் தொகுதி, அதாவது அதன் டி.என்.ஏ. முழுவதும், எழுத்து வரிசையாகப் படிக்கப்பட்டு 2005-ல் வெளியானது. நேருக்கு நேர் பொருத்திப் பார்க்க முடிகிற இடங்களில் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் வித்தியாசம் சுமார் 1.2 சதவீதம். கேட்கக் குறைவாக இருக்கும், ஆனால் தொகுதியின் நீளம் ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள், அதில் மாறியிருப்பது சுமார் 3.5 கோடி எழுத்துகள். இதுபோக ஒரு பக்கம் இருந்து இன்னொரு பக்கம் இல்லாத துண்டுகள் சுமார் 50 லட்சம். அவற்றையும் சேர்த்தால் சதவீதம் ஏறிவிடும். எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும், அதனால் 98 என்பதை மட்டும் பிடித்துத் தொங்குவதில் அர்த்தமில்லை. யார் யாருக்கு நெருக்கம் என்ற வரிசை மட்டும் எப்படி எண்ணினாலும் மாறுவதில்லை.

இன்னொன்று, எல்லா எழுத்தும் ஒரே எடை இல்லை. பெரும்பாலான மாற்றங்கள் ஒன்றுமே செய்வதில்லை. ஆனால் ஒரு ஜீன் எப்போது, எவ்வளவு நேரம் வேலை செய்ய வேண்டும் என்று சொல்லும் இடத்தில் ஒரு சின்ன மாற்றம் வந்தால் உடம்பின் வடிவமே மாறலாம். அரிசியும் பருப்பும் அதேதான், அடுப்பில் எவ்வளவு நேரம் வைத்தோம் என்பதில் பொங்கலா கஞ்சியா என்பது தீர்மானமாவதுபோல.

சிம்பன்சிக்கு 24 ஜோடி குரோமோசோம், நமக்கு 23 ஜோடி. ஒரு ஜோடி தொலைந்துபோனால் உயிரோடு இருக்க முடியுமா?

கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இது, ஏனென்றால் கேட்பவர் சரியாகத்தான் யோசிக்கிறார். குரோமோசோம் என்பது செல்லுக்குள் டி.என்.ஏ. சுருட்டி வைக்கப்பட்டிருக்கும் கட்டு. ஒரு ஜோடி முழுதாகத் தொலைந்தால் பிழைக்க முடியாது. அப்படியானால் அது தொலையவில்லை, இரண்டு ஒட்டி ஒன்றாகியிருக்க வேண்டும். ஒட்டியிருந்தால் ஒட்டின தடம் இருக்க வேண்டும் இல்லையா?

இருக்கிறது. ஒவ்வொரு குரோமோசோமின் இரண்டு நுனியிலும், நூல் பிரியாமல் முடிச்சுப் போட்டதுபோல, ஒரே எழுத்து வரிசை திரும்பத் திரும்ப வரும். நுனியில் மட்டுமே இருக்க வேண்டிய அந்த வரிசை நமது இரண்டாம் எண் குரோமோசோமின் உள்ளே, நடுப்பகுதியில் கிடக்கிறது, அதுவும் இரண்டு நுனிகள் முட்டிக்கொண்டதுபோல எதிரெதிர்த் திசையில். 1991-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். அதோடு, குரோமோசோமுக்கு இடுப்பு மாதிரி ஒரே ஒரு மையப் பகுதிதான் இருக்கும், நமது இரண்டாம் குரோமோசோமில் வேலை செய்யும் ஒன்றும் வேலையை விட்டுவிட்ட ஒன்றின் மிச்சமும் இருக்கின்றன. அந்த குரோமோசோமை நடுவில் வெட்டி இரண்டாக வைத்தால் சிம்பன்சியின் இரண்டு குரோமோசோம்களோடு பட்டைக்குப் பட்டை பொருந்துகிறது.

சரி, முதன்முதலில் ஒட்டின குரோமோசோமோடு பிறந்தவர் யாரோடு சேர்ந்து பிள்ளை பெற்றார்?

ஒட்டாத குரோமோசோம் உள்ள சாதாரண ஆளோடுதான். குரோமோசோம்கள் ஒட்டிக்கொண்டு மொத்தம் 46-க்குப் பதில் 45 இருக்கிறவர்கள் இன்றும் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவர் இருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு அப்படி இருப்பதே தெரியாது, நலமாக வாழ்கிறார்கள், பிள்ளைகளும் பிறக்கின்றன. கருச்சிதைவு கொஞ்சம் கூடுதலாக வரலாம், ஆனால் கதவு அடைபடுவதில்லை. ஒரு சிறிய கூட்டத்துக்குள் பல தலைமுறை இது பரவினால் ஒரு கட்டத்தில் எல்லாருக்கும் ஒட்டினதே இருக்கும்.

வால் எப்படிப் போனது? பயன்படுத்தாமல் விட்டதால் தேய்ந்துவிட்டதா?

பயன்படுத்தாததால் ஒரு உறுப்பு தேய்ந்து, அந்தத் தேய்வு பிள்ளைக்குப் போவதில்லை. 2024-ல் வெளியான ஆய்வில் இதற்கு ஒரு அருமையான விடை கிடைத்தது. டி.பி.எக்ஸ்.டி. என்று ஒரு ஜீன், வால் வளர்வதில் பங்குள்ளது. டி.என்.ஏ.வுக்குள் இடம் மாறி இடம் மாறித் தன்னைத் தானே ஒட்டிக்கொள்ளும் சின்னத் துண்டுகள் உண்டு. சுமார் 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாலில்லாக் குரங்குகளின் மூதாதையில் அப்படி ஒரு துண்டு இந்த ஜீனுக்குள் போய் விழுந்தது. அதனால் அந்த ஜீனிலிருந்து உருவாகும் புரதத்தில் ஒரு பகுதி சில சமயம் விட்டுப்போகிறது. எலிகளில் இதே விளைவு வரும்படி மாற்றிப் பார்த்தபோது சில வால் குட்டையாகவும் சில வாலே இல்லாமலும் பிறந்தன. சிலவற்றுக்கு முதுகுத் தண்டு சரியாக மூடாத கோளாறும் வந்தது, ஆக வாலை விட்டதற்கு ஒரு விலையும் இருந்திருக்கிறது.

முழுதாக விடவும் இல்லை. நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தால் அடியில் உறுத்துகிறதே, அந்த வாலெலும்பு சில சின்ன முள்ளெலும்புகள் சேர்ந்தது. கருவில் ஒரு மாத வாக்கில் நம் எல்லாருக்கும் வால் இருந்தது, எட்டு வாரத்துக்குள் உள்வாங்கிவிட்டது.

மூளை பெரிதானதால்தானே எழுந்து நடந்தோம்?

தலைகீழ். முதலில் நடை, ரொம்பப் பின்னால்தான் மூளை. 1974-ல் எத்தியோப்பியாவின் ஹடாரில் கிடைத்த, லூசி என்று பெயர் வைத்த பெண்ணின் எலும்புக்கூட்டுக்கு வயது சுமார் 32 லட்சம் ஆண்டுகள், உயரம் மூன்றரை அடி வாக்கில். இடுப்பும் முழங்காலும் நிமிர்ந்து நடந்த உடம்பு என்று தெளிவாகச் சொல்கின்றன, ஆனால் அவளுடைய இனத்தின் மூளை சிம்பன்சியின் மூளையைவிடக் கொஞ்சம்தான் பெரியது. நமது மூளை ஏறக்குறைய 1350 கன சென்டிமீட்டர், சிம்பன்சிக்கு 400-க்குப் பக்கம்.

லூசியைவிடப் பழைய சாட்சி டான்சானியாவின் லேட்டோலியில் இருக்கிறது. சுமார் 36.6 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு எரிமலை சாம்பலைக் கொட்டியது, அதன்மேல் மழை தூறியது, ஈரச் சாம்பலில் சிலர் நடந்து போனார்கள், பிறகு அது சிமெண்ட் போல இறுகி மேலே இன்னும் சாம்பல் மூடிக்கொண்டது. 1978-ல் மேரி லீக்கியின் குழு அந்தக் காலடிகளைத் தோண்டி எடுத்தது. குதிகால் ஆழமாகப் பதிந்திருக்கிறது, கட்டைவிரல் சிம்பன்சிக்கு இருப்பதுபோல விலகாமல் மற்ற விரல்களோடு சேர்ந்து முன்னால் நீட்டியிருக்கிறது. ஈர மணலில் நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் நம் தடம் எப்படி இருக்குமோ ஏறக்குறைய அப்படியே. அந்தப் படத்தை நான் காட்டும்போதெல்லாம் வகுப்பு ஒரு நிமிஷம் அமைதியாகிவிடும்.

குரங்குக்கும் மனிதனுக்கும் நடுவில் 'காணாமல் போன கண்ணி' இன்னும் கிடைக்கவில்லையாமே?

சங்கிலி என்று நினைத்தால்தான் கண்ணி காணாமல் போகும். லூசி கிடைத்தாயிற்று, அவளுக்கு முந்திய 44 லட்சம் ஆண்டு பழைய ஆர்டி என்ற எலும்புக்கூடு எத்தியோப்பியாவில் கிடைத்தாயிற்று, சாடு நாட்டில் 2001-ல் கிடைத்த சாஹெலாந்த்ரோபஸ் மண்டையோடு சுமார் 70 லட்சம் ஆண்டு பழையது, பிரிவு நடந்த காலத்துக்கே பக்கத்தில் வந்துவிட்டோம். இடையில் ஒன்று கிடைத்தால் "இப்போது இரண்டு இடைவெளி ஆகிவிட்டதே" என்று கேட்பவரைத் திருப்திப்படுத்த முடியாது. சிம்பன்சியின் பக்கத்து எலும்புகள்தான் உண்மையில் மிகக் குறைவு, ஈரக் காட்டு மண்ணில் எலும்பு கல்லாவதற்குள் மக்கிவிடுகிறது.

விஞ்ஞானிகளே பலமுறை ஏமாந்திருக்கிறார்கள். இதை மட்டும் எப்படி நம்புவது?

ஏமாந்தது உண்மைதான், மறைக்க ஒன்றுமில்லை. 1912-ல் இங்கிலாந்தில் பில்ட்டவுன் என்ற இடத்தில் பெரிய மூளையும் குரங்குத் தாடையும் கொண்ட ஒரு மண்டையோடு கிடைத்ததாக அறிவித்தார்கள். மனித மண்டையோட்டையும் ஒராங்குட்டான் தாடையையும் சேர்த்து, பல்லை அராவி, சாயம் பூசிச் செய்த மோசடி அது. 1953-ல்தான் வெளிப்பட்டது. மூளைதான் முதலில் வந்தது என்று நம்ப ஆசைப்பட்டவர்களுக்கு அது தோதாக இருந்தது. அதனாலேயே 1924-ல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த, சிறிய மூளையோடு நிமிர்ந்து நடந்த டாங் குழந்தையின் மண்டையோட்டை ரேமண்ட் டார்ட் கொண்டுவந்து காட்டியபோது பலர் ஏற்கவில்லை.

இதைவிட முக்கியமான கதை ராமாபித்திகஸ். 1932-ல் சிவாலிக் மலையடிவாரத்தில் எட்வர்ட் லூயிஸ் கண்டெடுத்த ஒரு மேல்தாடைத் துண்டு, ராமன் பெயரையே வைத்தார். தாடை வளைவு மனிதனுடையதுபோல இருக்கிறது, ஆக இதுதான் நம் நேரடி முன்னோர், நாம் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டோம் என்று 1960-களில் பாடப் புத்தகம்வரை போய்விட்டது. 1967-ல் வின்சென்ட் சாரிச், ஆலன் வில்சன் என்ற இருவர் எலும்பைத் தொடாமல் இரத்தப் புரதங்களை ஒப்பிட்டு, பிரிந்தது சுமார் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான் என்றார்கள். எலும்பு ஆய்வாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பிறகு பாகிஸ்தானில் அதே வகை விலங்கின் முகப்பகுதி கிடைத்தது. கண் குழிகள் உயரமாக, நடுவில் இடைவெளி குறுகி, அச்சு அசலாக ஒராங்குட்டான் முகம். 1982-ல் அதை வெளியிட்டவர் டேவிட் பில்பீம், ராமாபித்திகஸ் நம் முன்னோர் என்று முன்பு அடித்துச் சொன்னவர்களில் ஒருவர். தான் சொன்னதைத் தானே திரும்பப் பெற்றார். ராமாபித்திகஸ் என்ற பெயரே இன்று தனியாக இல்லை, ஒராங்குட்டான் பக்கத்துப் பழைய விலங்கான சிவாபித்திகஸோடு சேர்ந்துவிட்டது.

ஆக, எலும்பு தப்பாகப் பேசினால் இரத்தம் காட்டிக்கொடுக்கிறது, இரத்தத்தை நம்பாதவருக்குப் புதிய எலும்பு வந்து பதில் சொல்கிறது. ஒன்றையொன்று தெரியாத சாட்சிகள் ஒரே கதையைச் சொல்வதால்தான் நம்புகிறேன், விஞ்ஞானி சொன்னார் என்பதற்காக இல்லை.

நியாண்டர்தால்கள் நம் முன்னோரா, இல்லையா?

அழிந்துபோன ஒரு மனிதக் கூட்டம் அவர்கள், நமக்கு நெருங்கிய பங்காளி, கூடவே கொஞ்சம் சம்பந்தியும். ஐந்தாறு லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாக்கில் பிரிந்த கிளை, ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் வாழ்ந்தார்கள். நாம் ஆப்பிரிக்காவில் உருவானோம், மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்த எலும்புகள் சுமார் 3 லட்சம் ஆண்டு பழையவை. பிறகு நாம் வெளியே வந்தபோது இருவரும் கலந்தோம். 2010-ல் மரபியலாளர் ஸ்வான்டே பேபோவின் குழு நியாண்டர்தால் மரபணுத் தொகுதியை வெளியிட்டது, ஆப்பிரிக்காவுக்கு வெளியே வேர் உள்ளவர்கள் எல்லாரிடமும் 1 முதல் 2 சதவீதம் அளவுக்கு அவர்களுடைய டி.என்.ஏ. இருக்கிறது. பேபோவுக்கு 2022-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அதே 2010-ல் சைபீரியாவின் டெனிசோவா குகையில் கிடைத்த ஒரு விரல் எலும்புத் துண்டிலிருந்து டெனிசோவன் என்ற இன்னொரு கூட்டமே வெளிவந்தது. திபெத்தியர்கள் காற்று மெலிந்த உயரத்தில் சிரமமின்றி வாழ உதவும் ஒரு ஜீன் வடிவம் அவர்களிடமிருந்து வந்தது.

கலந்து பிள்ளை பெற்றார்கள் என்றால் இருவரும் ஒரே சிற்றினம்தானே? தனிப் பெயர் எதற்கு?

நியாயமான கேள்வி, ஆய்வாளர்களே இதில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். கலந்து வளமான பிள்ளை பெற்றால் ஒரே சிற்றினம் என்று பள்ளியில் படித்த விதி, இப்போது உயிரோடிருக்கும் விலங்குகளை வைத்து எழுதியது. பிரிவு ஒரே நாளில் நடப்பதில்லை, இலட்சக்கணக்கான ஆண்டுகள் கதவு பாதி திறந்து பாதி மூடியிருக்கும். நம் தொகுதியில் சில இடங்களில், குறிப்பாக எக்ஸ் குரோமோசோமில், நியாண்டர்தால் துண்டுகள் அரிதாகவே இருக்கின்றன, கலப்பு முழுக்கச் சுமுகமாகப் போகவில்லை என்பதன் தடம் அது. அதே சமயம் டெனிசோவா குகையில் கிடைத்த ஒரு எலும்புத் துண்டு பதின்மூன்று வயது வாக்கில் இறந்த ஒரு பெண்ணுடையது, அவளுடைய அம்மா நியாண்டர்தால், அப்பா டெனிசோவன். வகைப்பாடு நம் வசதிக்காக நாம் போட்ட கோடு, அந்தப் பெண் அதைப் பார்த்துப் பிறக்கவில்லை.

அப்போ மனிதனும் சிம்பன்சியும் கலந்தால்?

1920-களில் இலியா இவானோவ் என்ற சோவியத் ஆய்வாளர் ஆப்பிரிக்காவில் மூன்று பெண் சிம்பன்சிகளிடம் மனித விந்தைச் செலுத்திப் பார்த்தார், ஒன்றும் கருத்தரிக்கவில்லை. நடந்திருக்கவே கூடாத வேலை அது. நியாண்டர்தாலோடு பிரிவு சில லட்சம் ஆண்டு, சிம்பன்சியோடு அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல்.

கருவி செய்வது மனிதன் மட்டும்தானே, அதை வைத்தே பிரித்துவிடலாமே?

1960 வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம் டான்சானியாவின் கோம்பே காட்டில் சிம்பன்சிகளை ஆராய்ந்த ஜேன் குடால், தான் டேவிட் கிரேபியர்ட் என்று பெயர் வைத்திருந்த சிம்பன்சி கறையான் புற்றின் துளையில் புல் தண்டை விட்டு, பொறுமையாகக் காத்திருந்து, கடித்துத் தொங்கிய கறையான்களோடு வெளியே இழுத்து உதட்டால் வழித்துத் தின்பதைப் பார்த்தார். சும்மா கிடந்ததை எடுத்தது மட்டுமல்ல, இலையுள்ள குச்சியை ஒடித்து இலைகளை உருவிப்போட்டுத் தயாரிக்கவும் செய்தன. அதன் பிறகு அந்த வேலி நிற்கவில்லை.

இன்னும் பத்து லட்சம் வருஷம் கழித்து சிம்பன்சியும் மனிதனாகிவிடுமா?

ஆகாது. மனிதன் என்பது எல்லா விலங்கும் போய்ச் சேர வேண்டிய ஊர் இல்லை. இரண்டாவது கேள்வியில் சொன்ன மரத்தில் பக்கத்துக் கிளை வளைந்து வந்து நம் கிளையாக முடியாது. மாறினால் வேறொன்றாக மாறும், அதுவும் நாம் காட்டை விட்டுவைத்தால்.

மனிதர்களுக்குள்ளேயே சில கூட்டம் முன்னேறியது, சில கூட்டம் குரங்குக்குப் பக்கம் என்கிறார்களே?

தப்பு, தயங்காமல் சொல்கிறேன். பொது மூதாதையிடமிருந்து இன்று வாழும் ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரே தூரம், யாரும் பக்கத்தில் இல்லை. எந்த இரண்டு மனிதரை எடுத்தாலும் டி.என்.ஏ. வித்தியாசம் ஆயிரம் எழுத்துக்கு ஒன்று வாக்கில்தான். மிகக் குறைந்த எண்ணிக்கையில் மிஞ்சியிருக்கும் சிம்பன்சிகளுக்குள் இருக்கும் மரபணு வேறுபாடு, 800 கோடி மனிதருக்குள் இருப்பதைவிட அதிகம். 1972-ல் மரபியலாளர் ரிச்சர்ட் லெவான்டின் கணக்குப் போட்டுக் காட்டியபடி, மனிதருக்குள் இருக்கும் வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. தோல் நிறம் கண்ணுக்கு முதலில் படுகிறது, அவ்வளவுதான்.

நம்முடைய சில ஜீன்கள் சிம்பன்சியைவிடக் கொரில்லாவோடு பொருந்துகிறதாமே, அப்போ நீங்க சொன்ன குடும்ப வரிசையே தப்பாகுமே?

பொருந்துவது உண்மை. 2012-ல் கொரில்லா மரபணுத் தொகுதி வெளியானபோது, ஏறக்குறைய 30 சதவீத இடங்களில் கொரில்லா மனிதனோடோ சிம்பன்சியோடோ, அவர்கள் இருவர் ஒருவருக்கொருவர் இருப்பதைவிட நெருக்கமாக இருந்தது. காரணம், கொரில்லா பிரிந்ததற்கும் நாமும் சிம்பன்சியும் பிரிந்ததற்கும் நடுவில் இடைவெளி அதிகமில்லை. பழைய கூட்டத்தில் ஒரு ஜீனுக்கு இரண்டு மூன்று வடிவங்கள் புழக்கத்தில் இருந்தன, அவை தீர்ந்து ஒன்றாவதற்குள் அடுத்த பிரிவும் நடந்துவிட்டது, யாருக்கு எது போனது என்பது அதிர்ஷ்டம்.

கூடப் பிறந்த அண்ணனுக்கு ஒரு மூக்கு, உங்களுக்கும் சித்தப்பா மகனுக்கும் தாத்தாவின் மூக்கு. அதை வைத்துச் சித்தப்பா மகனைக் கூடப் பிறந்தவன் என்று யாரும் சொல்வதில்லை. மீதி 70 சதவீதம் எந்தப் பக்கம் பேசுகிறது என்று பார்த்தால் வரிசை உறுதியாகவே நிற்கிறது.

கடைசியாக நேராகவே கேட்கிறேன், நாமும் குரங்குதானா?

வாலில்லாக் குரங்குதான், அதில் சந்தேகமே இல்லை, மனிதனுக்கு இருந்த தனிக் குடும்பம் இல்லாமல் போன கதையை மேலே சொல்லிவிட்டேன். குரங்கா என்றால், அதே விதியை இங்கேயும் போட்டுப் பாருங்கள். அமெரிக்கக் கண்டத்துக் குரங்குகளின் கிளை சுமார் 4 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தது. ஆசியா, ஆப்பிரிக்காவின் வாலுள்ள குரங்குகளிடமிருந்து வாலில்லாதவை பிரிந்தது 2.5 முதல் 3 கோடி ஆண்டுகளுக்கு முன். அதாவது ஆசியாவின் ஒரு மந்திக்கு அமெரிக்கக் காட்டுக் குரங்கைவிட நாம்தான் நெருங்கிய சொந்தம். அவை இரண்டையும் குரங்கு என்று சொல்லிவிட்டு, நடுவில் நிற்கும் நம்மை மட்டும் விலக்கினால், ஹோமினிடே விஷயத்தில் செய்த அதே பழைய தப்பைத்தான் மறுபடி செய்கிறோம்.

இதற்கும் அடையாளம் முகத்திலேயே இருக்கிறது. அமெரிக்கக் குரங்குகளின் மூக்குத் துளைகள் அகன்று பக்கவாட்டில் பார்க்கும். ஆசியா, ஆப்பிரிக்காக் குரங்குகளுக்கும் நமக்கும் துளைகள் நெருங்கிக் கீழே பார்க்கும். அடுத்த முறை ஒரு மந்தி உங்களைப் பார்த்தால் அதன் மூக்கைக் கவனியுங்கள்.